செடிலியா: தமிழில் எப்படிச் சொல்வது?

செடிலியா லத்தீன் சொல். உட்காருவதைக் குறிக்கும் 'செடேரே' என்ற வினையிலிருந்து வந்தது 'செடிலே', அதாவது இருக்கை. அதன் பன்மைதான் செடிலியா. அதனால் 'செடிலியாக்கள்' என்று எழுதினால் பன்மைக்கு மேல் பன்மை ஆகிவிடும்.

இது முதலில் தேவாலயச் சொல். திருப்பலியின் நடுவே குருவும் அவருக்குத் துணைசெய்யும் திருத்தொண்டர்களும் உட்காருவதற்காகப் பலிபீடத்துக்குத் தெற்கே உள்ள சுவரில் அமைத்த இருக்கைகள் இவை. பெரும்பாலும் மூன்று இருக்கும்.

ஆனால் என்னை ஈர்த்தவை வீடுகளில் உள்ளவை. ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டின் கோட்டைக் குன்றில், ஊரி தெருவிலும் ஓர்சாக்ஹாஸ் தெருவிலும் பல வீடுகள் வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண பரோக் கால (17, 18ஆம் நூற்றாண்டு) வீடுகள். வாயில் நடைக்குள் நுழைந்து பக்கச் சுவரைப் பாருங்கள். ஆள் ஒருவர் உட்காரும் அகலத்தில், தலைக்கு மேல் கூர்வளைவோ மூவிதழ் வளைவோ செதுக்கிய கல் குழிவுகள் வரிசையாக இருக்கும். அவை கூர்வளைவுகளுக்குப் பேர்போன கோதிக் பாணியில் இடைக்காலத்தில் கட்டிய வீடுகளின் மிச்சம். துருக்கியரிடமிருந்து நகரத்தை மீட்ட 1686 முற்றுகையில் அது சிதைந்தது. மிஞ்சிய சுவர்களின் மேலேயே பரோக் வீடுகளைக் கட்டினார்கள். குழிவுகளைச் செங்கல்லால் அடைத்து மேலே பூசினார்கள். அப்புறம் 1944-45 முற்றுகையில் குண்டுபட்டுப் பூச்சு உதிர்ந்தபோது பழைய கல் வெளியே தெரிந்தது. சீரமைத்தவர்கள் அதை மறுபடி மூடாமல், சுற்றிலும் மட்டும் பூசி விட்டுவைத்தார்கள். மிக நல்ல முடிவு அது.

சரி, தமிழில்? 'செடிலியா' என்றே எழுதினால், முதுகில் கொக்கி குத்தித் தொங்கும் மாரியம்மன் திருவிழாச் செடில்தான் நம் நினைவுக்கு வரும். திண்ணை எனலாமா? கூடாது. திண்ணை சுவரை ஒட்டி வெளியே நீளும் மேடை. இதுவோ சுவருக்குள் குடைந்தது. கோயில் சுவரில் சிலை நிற்கும் கோட்டம் தெய்வத்துக்கு உரியது, ஆள் உட்காரும் இடமல்ல. பொருந்துவது மாடம்தான். மாடமாளிகையில் வரும் மாடத்தைச் சொல்லவில்லை. பழைய வீட்டுச் சுவரில் அகல்விளக்கு வைக்கிறோமே, புகை படிந்து மேற்புறம் கறுத்திருக்குமே, அந்த மாடம். அதையே ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிதாக்கினால் இந்தக் குழிவு வந்துவிடும். ஆகவே 'அமர்மாடம்' என்பதே என் தேர்வு. தேவாலயத்தில் இருப்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் 'பீடத்து அமர்மாடம்' எனலாம்.

ஹங்கேரியர்களும் லத்தீனை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொல்வது 'உலோஃபுல்கே': உட்காரும் மாடம்.