கட்டிய எடுத்தாச்சு சரி, பிளாக் எங்க இருக்கு?

நான் தஞ்சாவூர்ல பேத்தாலஜிஸ்ட். ஆபரேஷன்ல எடுத்தது என்ன வகை கட்டின்னு மைக்ராஸ்கோப்ல பாத்து சொல்றது என் வேலை. வேதாரண்யம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை பக்கமிருந்து மூளைக்கட்டி கேஸ்னு வர்றவங்க எம்ஆர்ஐ பிலிம் அத்தனையும் மஞ்சப்பைல பத்திரமா கொண்டாருவாங்க, ஆனா பிளாக், அதாவது லேப்ல பதப்படுத்தி வச்ச கட்டித் துண்டு, எங்கன்னு கேட்டா முழிப்பாங்க. "அதான் கட்டிய எடுத்துட்டாங்களே டாக்டர், இனிமே அது எதுக்கு?"ன்னு ஒரு அப்பா கேட்டாரு. அவரு பையனோட பிளாக் ஆபரேஷன் பண்ண ஆஸ்பத்திரி லேப்லயே இருந்துச்சு, லெட்டர் குடுத்ததும் தந்துட்டாங்க.

கட்டியோட துண்ட மெழுகுல பதிச்சு நம்பர் போட்ட சின்ன பிளாஸ்டிக் கேசட்ல வச்சிருப்போம், அதான் பிளாக். அதை முடியவிட மெல்லிசா சீவித்தான் ஸ்லைடு போடுறோம், வருஷங்கழிச்சும் அதுலேருந்து டிஎன்ஏ எடுக்கலாம்.

மூளைக்கட்டில நூறு வகைக்கு மேல இருக்கு, சிலத ஒரு டாக்டர் தன் சர்வீஸ்லயே ஒண்ணு ரெண்டு தடவைதான் பாப்பாரு, அப்புறம் ஒரு ஊரோ ஒரு நாடோ தனியா உக்காந்து என்ன ஆராய்ச்சி பண்ண முடியும் சொல்லுங்க? ஜெர்மனில ஹைடல்பெர்க் டீம் பல நாட்டு சென்டர்களோட சேந்து 2,801 சாம்பிள வச்சு, டிஎன்ஏ மெத்திலேஷன், அதாவது டிஎன்ஏ மேல ஒட்டியிருக்கற வேதிக் குறிகள பாத்து கட்டிய வகை பிரிக்கிற முறைய 2018ல வெளியிட்டாங்க. புது கேஸ்கள்ல அத போட்டுப் பாத்தப்ப 12 சதவீதம் பேருக்கு முதல்ல சொன்ன நோயே மாறிடுச்சு. நோய் மாறுனா வைத்தியமும் மாறலாம், சாதாரண விஷயமா இது!

குழந்தைங்களுக்கு மூளைத்தண்டுல வர்ற ஒரு கட்டி இருக்கு, அது வந்தா பெரும்பாலான குழந்தைங்க ஒரு வருஷங்கூட தாங்கமாட்டாங்க. அதுல ஹெச்3 கே27எம்னு ஒரு ஜீன் மாற்றம் இருக்குன்னு 2012ல கண்டுபிடிச்சாங்க, பெத்தவங்க சம்மதிச்சு குடுத்த சாம்பிள்லதான். 2025 ஆகஸ்ட்ல அந்த மாற்றம் உள்ள கட்டி வைத்தியம் பண்ணப்புறமும் வளந்தா குடுக்க டோர்டாவிப்ரோன்ங்கற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி குடுத்துச்சு. முழுசா குணமாக்குற மருந்து இல்ல, சிலருக்கு கட்டி சுருங்குது, அவ்ளோதான். ஆனா அந்த மாற்றம் இருக்கான்னு பாக்கவே கட்டியோட துண்டு வேணும்.

அதனால டிஸ்சார்ஜ் ஆகும்போதே பிளாக் நம்பர கேட்டு எழுதிக்கங்க. மிச்ச திசுவ ஆராய்ச்சிக்கு குடுக்கலாமான்னு ஃபார்ம் நீட்டுனா "நம்ம புள்ளைய வச்சு சோதனை பண்றாங்க"ன்னு பயந்துடாதீங்க, ஏற்கனவே எடுத்த துண்டுலதான் ஆராய்ச்சி, பேருக்கு பதிலா ஒரு கோட் நம்பர் போட்டுத்தான் அனுப்புவாங்க. புரியலன்னா கேளுங்க, இஷ்டமில்லன்னா மறுக்கலாம், வைத்தியம் நிக்காது. பிளாக்க கையில வாங்கிட்டுப் போனா கத்திரி வெயில்ல கார் டேஷ்போர்டுல மட்டும் வச்சிடாதீங்க, மெழுகு இளகிடும்.