குணச்சித்திர நடிகர் வேறு, துணை நடிகர் வேறு

விளையாட்டுப் படங்களைப் பற்றி இப்போது வன்னியிலும் நிறையப் பேர் எழுதுகிறார்கள். சந்தோசம்தான். ஆனால் எதை எடுத்தாலும் 'துணை நடிகர்'. குத்துச்சண்டைப் படமான 'சார்பட்டா பரம்பரை'யில் (2021) ரங்கன் வாத்தியாராக வந்த பசுபதியும் துணை நடிகராம். அந்தப் படத்துச் சண்டையைச் சுற்றி நின்று கூச்சல் போடும் கூட்டத்துக்கும் அதே பெயர்தான். சினிமாக்காரர் வழக்கில் துணை நடிகர் என்றால் அந்தக் கூட்டத்தில் நிற்பவர். நாட்கூலிக்கு வருபவர், பெரும்பாலும் வசனம் இல்லாதவர். பசுபதியை அங்கே கொண்டுபோய் நிறுத்தலாமா?

குணம், சித்திரம் இரண்டும் வடசொல். ஒருவரின் குணத்தை வரைந்து காட்டுவது குணச்சித்திரம். 'கரக்டர் அக்டர்' என்பதற்கு ஈடாக நிலைத்துவிட்டது. பிறப்பு அவ்வளவுதான்.

குழப்பம் வந்தது விருதுகளால். ஒஸ்காரில் 1936ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து 'சப்போர்ட்டிங்' என்றொரு பிரிவு உண்டு. அது படத்துக்குள் ஒருவருக்கு இருக்கும் இடத்தைச் சொல்வது. அவருடைய தொழிலை அல்ல. அந்தப் பிரிவின் முதல் விருதை வாங்கிய வோல்டர் பிரெனன், 1938இல் வந்த 'கென்டக்கி' என்ற குதிரைப் பந்தயப் படத்துக்காக மறுபடியும் வாங்கினார். வயது 44, நடித்தது கிழவர் வேடம். நடை, குரல், முதுகு எல்லாவற்றையும் மாற்றிப் போட்டாரே, அந்த வேலைக்குப் பெயர்தான் குணச்சித்திரம். விருதுப் பிரிவைத் 'துணைப் பாத்திரத்துக்கான விருது' என்று எழுதுங்கள், தகும். ஆளைத் துணை நடிகர் ஆக்காதீர்கள்.

நம்மவர் கணக்கைப் பாருங்கள். 'வெண்ணிலா கபடிக்குழு'வில் (2009) பரோட்டாப் பந்தயக் காட்சி ஒன்றுதான். சூரிக்குப் 'பரோட்டா' அடைமொழியாகவே ஒட்டிக்கொண்டது. அதே கபடிக்குழுவில் ஆடிய அப்புக்குட்டி, 'அழகர்சாமியின் குதிரை'யில் (2011) அழகர்சாமியாகவே வந்தார். படத்தின் தலைப்பே அவர் பாத்திரம். தேசிய விருது கொடுத்தபோது சிறந்த துணை நடிகர்! இதற்கு மேல் என்ன சொல்ல?

தனித்தமிழ்க்காரர் 'பண்பு நடிகர்' என்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் கேட்பவருக்குப் பண்பான மனிசன் என்றுதான் விளங்கும். வில்லனாக வருபவரை அப்படி அழைத்துப் பாருங்கள். 'பாத்திர நடிகர்' இன்னும் மோசம்: பாத்திரம் ஏற்காத நடிகர் யார்? தூய்மைக்கு நான் எதிரி அல்ல. உதைபந்தாட்டம், துடுப்பாட்டம், கரப்பந்தாட்டம் என்று எழுதும் ஊர் இது. ஆனால் அவை பொருளை மறைக்கவில்லை. பொருளை மறைக்கிற தூய சொல்லைவிட விளங்குகிற வடசொல் மேல்.

பாத்திரத்தின் அளவைச் சொல்ல வேண்டுமா, அதற்குச் 'சிறுவேடம்' இருக்கிறது. வேடம் கட்டுவது நம் கூத்துச் சொல். முல்லைத்தீவுக் கோவலன் கூத்தில் பொற்கொல்லன் கோவலனைக் காட்டிக்கொடுக்காவிட்டால் கதை மதுரையிலேயே படுத்துவிடும். அவரைத் துணை என்று கூத்துப் பழக்கும் எந்த அண்ணாவியார் சொல்வார்? 'சார்பட்டா'வில் டான்சிங் ரோஸ் என்ற குத்துச்சண்டை வீரராக வந்த ஷபீர் கல்லரக்கலுடையது அப்படியொரு சிறுவேடம். கையைத் தொங்கப் போட்டு, காலை ஓயாமல் மாற்றி ஆடி, கடைசியில் தோற்றுப்போகிற ஆள். படம் முடிந்து பேசப்பட்டது அவரைத்தான். வேடம் சிறிது; நடித்தவர் குணச்சித்திர நடிகர். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதலாம், முட்டாது.

வசனவரி (சப்டைட்டில்) மொழிபெயர்ப்பாளரிடம் இன்னொரு வழக்கும் இருக்கிறது. குத்துச்சண்டைப் படங்களில் 'கோர்னர் மான்' வந்தால் 'மூலை மனிதன்' என்று போட்டுவிடுகிறார்கள். மூலையில் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்திருந்தால் எழுதியிருக்கமாட்டார்கள். மூன்று நிமிடச் சுற்று முடிந்ததும் ஒரு நிமிடம் ஓய்வு. அதற்குள் முக்காலியை வைத்து ஆளை இருத்த வேண்டும், பற்காப்பைக் கழற்றிக் கழுவ வேண்டும், வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுக்க வேண்டும், வீங்கிய இடத்தில் குளிர் ஒற்ற வேண்டும், புருவ வெட்டில் இரத்தத்தை நிறுத்தி வாஸ்லீன் பூச வேண்டும். நடுவே இரண்டு சொல் புத்தியும் சொல்ல வேண்டும். 'ரொக்கி'யில் (1976) பேர்ஜெஸ் மெரடித் ஒஸ்கார் பரிந்துரை வரை போனது இப்படியொரு பயிற்றுவிப்பாளர் வேடத்தில்தான். 'களத்துப் பயிற்றுவிப்பாளர்' என்று போடுங்கள். வசனவரியில் இடம் காணாவிட்டால் 'வாத்தியார்' போதும்.