ப்ரோக்கோலி எப்படி அவரைக்காய்ப் பொரியல் ஆகிறது

“மேடம், காயெல்லாம் மொதல்லயே தின்னுட்டா, அப்புறம் சோத்துக்கு என்னத்தத் தொட்டுக்கிறது?”

கேட்டவர் சேலம் அம்மாபேட்டையில் தறி ஓட்டுபவர். பத்து வருடமாகச் சுகர். ‘முதலில் காய், பிறகு சோறு’ என்று நான் அச்சடித்துக் கொடுத்திருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாளுக்குப் பின்னால் இருந்த ஆய்வுக்கட்டுரையிலும் இல்லை. டயட்டீஷியன் வேலையில் பாதி, இந்த மாதிரிக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான்.

அந்த ஆய்வு 2015-ல் ‘டயபடீஸ் கேர்’ இதழில் வந்தது. நியூயார்க்கில் உள்ள வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் நடந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் 11 பேர். ஒரு நாள் அவர்களுக்கு ரொட்டியும் ஆரஞ்சுச் சாறும் முதலில் கொடுத்து, 15 நிமிடம் கழித்துக் கோழிக்கறி, சாலட், வேகவைத்த ப்ரோக்கோலி கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்து அதே உணவு, அதே அளவு, வரிசை மட்டும் தலைகீழ். காயும் கறியும் முன்னால் போன நாளில், ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்த சுகர் சுமார் 37 சதவீதம் குறைவு. ஒரு மாத்திரை கூட்டவில்லை, ஒரு வாய் உணவு குறைக்கவில்லை. படித்ததும் துள்ளிக் குதித்தேன் என்றே சொல்லலாம்.

11 பேர்தானா என்று கேட்கலாம். சிறிய ஆய்வுதான். ஆனால் இதில் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை. ஒவ்வொருவரும் தனக்குத்தானே போட்டி. வயது, எடை, மாத்திரை எல்லாம் இரண்டு நாளும் ஒன்றே என்பதால், சிறு கூட்டத்திலும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அதே சமயம், இந்த ஆய்வு பார்த்தது ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரத்தை மட்டும். மூன்று மாதச் சராசரி என்று நாம் சொல்லும் ஹெச்பிஏ1சி இறங்குமா என்பதற்கு இதில் பதில் கிடையாது. அதனால் ‘உங்கள் சராசரி குறையும்’ என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ‘சாப்பிட்ட பிறகு ஏறும் ஏற்றம் தணியலாம்’ என்பது வரைதான் என் வாய் போகலாம்.

சரி, வரிசை மாறினால் ஏன் சுகர் மாறுகிறது? இரைப்பையின் அடிவாயில் ஒரு தசைக்கதவு இருக்கிறது. அது உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்குள் விடும். புரதமும் கொழுப்பும் முன்னால் போய்ச் சேர்ந்தால், குடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது கதவை இன்னும் மெதுவாகத் திறக்கச் சொல்கிறது. கணையத்திடம் இன்சுலினைத் தயார்ப்படுத்தவும் சொல்கிறது. காயின் நார் பின்னால் வரும் மாவுச்சத்தோடு கலந்து கூழாகி, அதன் வேகத்தைக் குறைக்கிறது. சேலத்துக்காரர்களுக்கு இதைத் தலைகீழாகவும் விளக்கலாம்: ஜவ்வரிசிக் கஞ்சி. காய்ச்சல் வந்தால் ‘லைட்டா இருக்கட்டும்’ என்று குடிப்பது. ஜவ்வரிசி கிட்டத்தட்ட வெறும் மரவள்ளி மாவுச்சத்து. 100 கிராமில் 88 கிராம் மாவுச்சத்து, புரதம் ஒரு கிராம்கூடத் தேறாது. தடுத்து நிறுத்த ஆளில்லாத கூட்டம் மாதிரி நேராக ரத்தத்துக்குப் போய்விடும். வயிற்றுக்கு லைட், மீட்டருக்கு வெயிட்.

இந்த இயக்கம் நியூயார்க்கிலும் ஒன்றுதான், அம்மாபேட்டையிலும் ஒன்றுதான். குடலுக்கு ஊர் தெரியாது. ஆனால் அந்த 37 சதவீதம் அங்கேயே தங்கிவிடும். ஏன் என்பது இரண்டு தட்டையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். ஆய்வில் கொடுத்த மாவுச்சத்து 68 கிராம், புரதம் 55 கிராம். நம் தறிக்காரர் மதியம் உண்பது ஏறக்குறைய 150 கிராம் அரிசியின் சோறு. அதிலேயே மாவுச்சத்து 115 கிராமுக்கு மேல். புரதமோ சாம்பாரில் மிதக்கும் பருப்பு, நாள் கிழமை பார்த்து ஒரு முட்டை. முட்டையில் 6 கிராம்தான். கதவை மெதுவாக்க வேண்டிய ஆள் அங்கே 55 கிலோ பயில்வான் என்றால், இங்கே 10 கிலோ பொடியன். தள்ளுகிற கூட்டமோ இங்கே ஒன்றரை மடங்குக்கும் மேல். சொன்னது என்னவோ ‘முதலில் காய்’ என்ற இரண்டு வார்த்தை மாதிரி இருந்தாலும், ஆய்வில் இருந்த காய் ஒரு தட்டு நிறைய. நம் வீட்டில் இருப்பது சோற்றுக்கு ஓரத்தில் இரண்டு கரண்டி. அவர் அதைத்தான் கேட்டார். பொரியல் நமக்குத் தனி உணவே இல்லை, தொடுகறி.

(இடையில் ஒன்று. ‘தட்டுவடை செட்டுல கேரட், பீட்ரூட் எல்லாம் இருக்குதே, அத மொதல்ல தின்னா கணக்குல வருமா?’ என்று ஒரு கல்லூரிப் பையன் கேட்டான். வராது தம்பி. மேலும் கீழும் இருக்கும் வடையைப் பிரித்து நடுவிலிருப்பதை மட்டும் தின்னும் மனஉறுதி எனக்கே கிடையாது.)

அடுத்த முறை அவர் மனைவியோடு வந்தார். அப்போதுதான் பேச்சு உருப்படியாகப் போனது. சமைப்பவர் வராமல் உணவு ஆலோசனை சொல்வது, தறி இல்லாத வீட்டுக்குப் பாவு கொண்டுபோகிற கதை. உழவர் சந்தையில் அன்றைக்கு எந்தக் காய் மலிவோ அதை, அவரையோ சுரையோ கொத்தவரையோ, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பொரியல் செய்வது என்று முடிவானது. பாதியைக் கிண்ணத்தில் போட்டு முதலில் தின்பது. மீதி சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள. கூடவே ஒரு கைப்பிடி பாசிப்பயறோ தட்டைப்பயறோ சுண்டலாக அந்தக் கிண்ணத்திலேயே. சோறு ஒரு கரண்டி குறையும். 15 நிமிடம் காத்திருக்கச் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டுக்கே அவருக்கு அரை மணிதான் கிடைக்கும். அதில் கால் மணி கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொன்னால் கிண்ணமே அடுத்த வாரம் காணாமல் போகும்.

இத்தனை மாற்றத்துக்குப் பிறகு இது அந்த ஆய்வே இல்லை, அதன் தூரத்துச் சொந்தம். அது வேலை செய்கிறதா என்று இங்கே புதிதாகத்தான் சோதிக்க வேண்டும். அவர் வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தது. ஒரே சாப்பாடு, ஒரு நாள் பழைய வரிசை, ஒரு நாள் புது வரிசை. முதல் வாய் வைத்ததிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு சொட்டு ரத்தம். ஒருமுறை பார்த்து முடிவுக்கு வரக்கூடாது என்றும் சொன்னேன். வீட்டு மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே 15 சதவீதம் முன்பின் காட்டுவதை அனுமதிக்கிறது. 200 என்று காட்டினால் உண்மை 175 ஆகவும் இருக்கலாம், 225 ஆகவும் இருக்கலாம். அதனால் வரிசைக்கு மூன்று தடவையாவது பார்த்துச் சராசரி எடுத்தால்தான் ஏதாவது அர்த்தம். ஸ்ட்ரிப் விலையை நினைத்து அவர் முகம் சுளித்தது நியாயம்தான். இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் மாத்திரையோ எடுப்பவர்கள் சோற்றைக் குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சுகர் சரேலென்று இறங்கிவிடும்.

அவருடைய ஏற்றம் தணிந்தது. 37 சதவீதம் எல்லாம் இல்லை. ஆனால் மீட்டரின் தடுமாற்றத்தைத் தாண்டிய வித்தியாசம், அது போதும்.

ஆய்வுகளே ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போதுதான் கஷ்டம். ஏற்காட்டுத் தோட்டங்களில் வேலை செய்யும் பெண்கள் சிலர் ரத்தசோகைக்காக வருவார்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. இருநூறு வருடமாகக் காபி விளையும் மலை. காபியை விடு என்று அங்கே போய்ச் சொல்ல முடியுமா?

காபியிலும் டீயிலும் இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் உணவிலுள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். கடுக்காயையும் இரும்புக் கரைசலையும் சேர்த்துக் கறுப்புச் சாயம் காய்ச்சுவது சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தெரியும். அதே சேர்க்கைதான் வயிற்றுக்குள்ளும். சாயமாகிவிட்ட இரும்பைக் குடல் உறிஞ்சாது. கீரை, கேழ்வரகு, பயறு என்று தாவர உணவிலிருந்து வரும் இரும்புக்குத்தான் இந்த ஆபத்து அதிகம். எலுமிச்சை, நெல்லிக்காயின் வைட்டமின் சி அதற்கு எதிர்த்திசையில், இரும்பைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும்.

எவ்வளவு நேரம் தள்ளிக் குடிப்பது? இங்கேதான் சிக்கல். 1983-ல் அமெரிக்காவில் நடந்த ஆய்வில் ஹாம்பர்கர் சாப்பாட்டோடு காபி குடித்தால் இரும்பு உறிஞ்சுதல் 39 சதவீதம் குறைந்தது, டீ குடித்தால் 64. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்தாலும் அதே இழப்பு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்தால் மட்டும் இழப்பே இல்லை. 2017-ல் பிரிட்டனில் 12 பெண்களிடம் கஞ்சியும் டீயும் கொடுத்துப் பார்த்தார்கள். சேர்த்துக் குடித்தபோது 37 சதவீதம் குறைந்தது. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது தடை பெரிதும் விலகிவிட்டது. ஒன்று காபி, ஒன்று டீ. ஒன்று கறி, ஒன்று கஞ்சி. இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் மாதிரித் தெரிந்தாலும் கேள்வியே வேறு.

இந்த மாதிரி நேரத்தில் எந்தப் பக்கம் சரியாக இருந்தாலும் நஷ்டம் வராத ஆலோசனையைத் தேடுவேன். மாத்திரையை யாரும் நிறுத்தக்கூடாது, அது முதல் பேச்சு. உணவு அதற்குத் துணைதான், ஈடு அல்ல. அப்புறம் அவர்கள் நாளை மணி மணியாகக் கேட்டேன். காலை ஐந்தரைக்கு எழுந்ததும் ஒரு கருங்காபி. எட்டு மணிக்குக் கேழ்வரகுக் களியோ பழையதோ, கையோடு ஒரு டீ. மதியம் தோட்டத்தில் தூக்குச்சட்டியிலிருந்து சாப்பாடு, முடித்த உடனே மறுபடி டீ. சாயங்காலம் நாலரைக்கு ஒன்று.

ஐந்தரைக் காபியை நான் தொடவில்லை. குளிரில் எழுந்து அடுப்பு மூட்டுகிறவர்களிடம் அதைப் பிடுங்க எனக்கு எந்த ஆய்வும் உரிமை தரவில்லை. சாப்பாட்டுக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் வருவதால் 1983-க்கும் அதில் ஆட்சேபம் இல்லை. நாலரை டீயும் இருக்கட்டும். எட்டு மணி டீயும் மதிய டீயும்தான் போக வேண்டும். அந்த இடத்தில் எலுமிச்சை பிழிந்த தண்ணீர், அல்லது சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய்.

“எட்டு மணி டீ போச்சுன்னா பரவால்லீங்க மேடம்,” என்றார் ஒரு அக்கா. “மத்தியானம் டீ குடிக்கறதுக்குன்னுதான் உக்காரவே விடுவாங்க. அதக் குடிக்கலீன்னா எந்திரிச்சு வேலையப் பாருன்னுருவாங்க.”

மதிய டீயை அடித்துவிட்டு எழுதினேன்: ‘அதே நேரத்தில் உட்கார்ந்து, எலுமிச்சைத் தண்ணீர், டம்ளரில்.’