மலையேற 400 கிலோவாட் எதற்கு?

நுவரெலியாவில் இரவு முழுக்க 100 வீதம் சார்ஜ் போட்டுவிட்டு, காலையில் றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கிய இன்னுமொரு மின்சாரக் கார் பழுதுபார்க்க வந்திருக்கிறது. முன் பிரேக் டிஸ்க் இரண்டும் சூட்டில் நீலம் பாய்ந்திருக்கின்றன. பிரேக் பேட் கருகி வழுவழுப்பாகிவிட்டது. பிரேக் பெடலை மிதித்தால் தரைவரை போகிறது. மோட்டார் 400 கிலோவாட், எடை 2300 கிலோ. "பிரேக் சரியில்லை, கொம்பனிதான் மாற்றித்தர வேண்டும்" என்பது உரிமையாளரின் முறைப்பாடு. காரில் ஒரு குறையும் இல்லை. இதே பழுது திரும்பத் திரும்ப வருவதால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது.

இறக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்படிப்பட்ட கார் மலைநாட்டுக்கு எதற்காக வாங்கப்படுகிறது என்பதை முதலில் பேசியாக வேண்டும். கேட்டால் எல்லோரும் சொல்வது ஒரே காரணம்: "நமக்கு ஏற்றம் அதிகம், பவர் கூடிய கார்தான் தாங்கும்." பெற்றோல் காரோடு பழகியவர்களின் எண்ணம் இது. 1000 சீசீ கார் ஒன்று நாலு பேரையும் ஏற்றி, ஏசியும் போட்டுக்கொண்டு கினிகத்தேனை ஏற்றத்தில் திணறுவதைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகத்தான் படும். ஆனால் பெற்றோல் எஞ்சின் வேகமாகச் சுற்றத் தொடங்கிய பிறகுதான் நல்ல இழுவை தரும். மின்மோட்டார் நின்ற இடத்திலேயே முழு இழுவையையும் தந்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஆட்களுடன் 1800 கிலோ வரும் சிறிய மின்சாரக் கார், 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகிறது. ஏற்றம், டயர் உராய்வு, காற்று எல்லாவற்றுக்கும் சேர்த்து மோட்டார் தரவேண்டியது ஏறத்தாழ 20 கிலோவாட். ஏற்றம் 15 வீதமாக இருந்தாலும் 35, 36 கிலோவாட் போதும். 24 கிலோவாட் மணி பெட்டரியுள்ள பழைய நிசான் லீஃப் மின்சாரக் காரின் மோட்டாரே 80 கிலோவாட். நமது வளைவுகளில் 40 கிலோமீட்டர் வேகமே பல இடங்களில் கூடுதல். அப்படியிருக்க மிச்ச 300 கிலோவாட்டை ஹட்டன் வீதியில் எங்கே பாவிக்கப் போகிறீர்கள்? ஓர் இ.போ.ச. பஸ்ஸை முந்துவதற்கு அது தேவையில்லை. முந்தக்கூடாத வளைவில் முந்தத் தூண்டுவதற்குத்தான் அது உதவும்.

ஏற்றத்தில் கணக்குக்கு வருவது எடை. ஒரு தொன்னை 1000 மீட்டர் உயர்த்த 2.7 கிலோவாட் மணி வேண்டும். மோட்டாரிலும், பெட்டரி மின்சாரத்தை அதற்கேற்ப மாற்றிக்கொடுக்கும் இன்வெர்ட்டரிலும் போகும் இழப்பைச் சேர்த்து 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். நுவரெலியா 1868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து அங்கே வர, உயரத்துக்கு மட்டும் 1.6 தொன் கார் 9 கிலோவாட் மணி செலவழிக்கும். 2.3 தொன் கார் 13 செலவழிக்கும். தூரத்துக்கான செலவு இதற்கு வேறாக. காரின் திரையில் தெரியும் 'இன்னும் இத்தனை கிலோமீட்டர்' என்ற எண் கொழும்பு–அவிசாவளை சமதரையில் ஓடிய கணக்கிலிருந்து வருவது. மேலே இருக்கும் மலை அதற்குத் தெரியாது. அந்த எண்ணை நம்பாமல் பெட்டரியில் எத்தனை வீதம் மிச்சம் என்பதைப் பாருங்கள்.

"சூழலுக்கு நல்லதென்றுதான் வாங்கினேன்" என்பது அடுத்த பேச்சு. ஆடம்பர வேகக் கார்களால் நன்மையே இல்லை என்று சொல்லமாட்டேன். 2019இல் போர்ஷே டைகான், விரைவாகச் சார்ஜ் ஏற்றும் 800 வோல்ட் அமைப்போடு வந்தது. 2021இல் அதே வோல்ட் அளவு ஹூண்டாய் அயோனிக் 5இல், பலர் வாங்கக்கூடிய விலைக்கு இறங்கியது. மின்சாரக் கார் என்றால் மந்தமானது என்ற இளக்காரத்தையும் இவைதான் துடைத்தன. அந்த வேலை முடிந்துவிட்டது. இலங்கையில் மின்சாரக் காரை மக்களுக்குப் பழக்கியதோ 2014, 2015 காலத்தில் வந்து குவிந்த பாவித்த லீஃப்கள்தான், எந்த வேகக் காரும் அல்ல. சீனாவில் 2020இல் வந்து விற்றுத் தீர்ந்த வூலிங் ஹொங்குவாங் மினி என்ற சிறிய மின்சாரக் காருக்கு அப்போது இருந்த பெரிய பெட்டரியே 14 கிலோவாட் மணிக்குக் குறைவு. அமெரிக்காவின் மின்சார ஹம்மர் 4 தொன் எடை, 200 கிலோவாட் மணிக்கு மேற்பட்ட பெட்டரி. அந்த ஒரு பெட்டரியின் செல்களைக் கொண்டு 14 சிறிய கார்களை ஓட்டலாம்.

நமக்குப் பொருந்தும் கணக்கு இன்னும் கிட்டே இருக்கிறது. மின்சார முச்சக்கரவண்டி ஒன்றுக்கு 8, 9 கிலோவாட் மணி போதும். 100 கிலோவாட் மணி பெட்டரியுள்ள ஒரு கார் வரும் இடத்தில் 11 ஓட்டோக்கள் ஓடலாம். தோட்டத்துக்கும் டவுனுக்கும் இடையில் நாள் முழுக்க ஓடுவது ஓட்டோதான், பெற்றோல் எரிவதும் அங்கேதான். வேகக் கார் வாரத்தில் பெரும்பகுதி போர்ட்டிகோவில் நிற்கும். டொலர் இல்லாமல் 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாடு இது. மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து உற்பத்தி வரி அறவிடும் முறையைப் பலர் திட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் எடைக்கும் சேர்த்தே வரி போடவேண்டும்.

லக்ஷபானவும் மேல் கொத்மலையும் பக்கத்தில் இருப்பதால் நமது கரண்ட் எல்லாம் தண்ணீர் கரண்ட் என்று நினைப்பதும் பிழை. நாடு முழுக்க ஒரே மின்வலைதான். இரவில் நீங்கள் இழுப்பதில் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரியும் இருக்கிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச நேரம், எண்ணெய் எரிக்கும் நிலையங்களும் அப்போதுதான் தேவைப்படுகின்றன. அந்த நேரத்தில் தயவுசெய்து சார்ஜ் போடாதீர்கள். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சியதால் கூரைச் சோலார்களை நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டது நினைவிருக்கும். பகல் 10 முதல் 2 மணிவரை போடமுடிந்தால் அதுதான் உண்மையான பச்சை.

இனி இறக்கம். நுவரெலியாவிலிருந்து கம்பளைக்குச் சுமார் 1400 மீட்டர் இறங்குகிறோம். 2300 கிலோ காரில் அது ஏறத்தாழ 8.8 கிலோவாட் மணி. டயரும் காற்றும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை மோட்டார் ஜெனரேட்டராக மாறிப் பெட்டரிக்கு அனுப்பும். பெட்டரி நிறைந்திருந்தால் அனுப்ப இடமில்லை, முழுவதும் டிஸ்க்கில் சூடாகத்தான் இறங்கும். பெற்றோல் கார்போல் கியரைக் குறைத்து இறங்கவும் வழியில்லை. சில கார்களில் இன்னொரு சிக்கல்: மோட்டார் பிடிக்காதபோது கம்பியூட்டர் தானாகவே டிஸ்க் பிரேக்கைப் போட்டுக்கொள்வதால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கம்போலவே வேகம் குறையும். டிஸ்க் வேகுவது ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே மேலே இருந்து இறங்கும் நாளில் 80 வீதத்துடன் நிறுத்துங்கள். எல்.எஃப்.பி. (லிதியம் இரும்பு பொஸ்பேட்) வகைப் பெட்டரிக்காரர்களுக்கு வாரம் ஒருமுறை 100 வீதம் போடச் சொல்லியிருப்பார்கள். அதைக் கீழே இருக்கும்போது செய்யுங்கள், அல்லது ஊருக்குள்ளேயே ஓடப்போகும் நாளில் செய்யுங்கள். பிரேக் எண்ணெயை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓடிய கிலோமீட்டர் எவ்வளவாக இருந்தாலும் சரி. டொட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகையில் கொதிக்கும். ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 155 வரை இறங்கிவிடும். எண்ணெய் கொதித்தால்தான் பெடல் தரைவரை போகும். நம்மூர் மூடுபனியில் அது ஈரம் குடிக்காமல் இருக்காது. மோட்டாரே பெரும்பாலும் வேகத்தைக் குறைப்பதால் டிஸ்க் துருப்பிடிக்கும், பேட்டை அழுத்தும் கலிப்பரின் ஊசிகள் இறுகும். வாரத்தில் ஒரு நாள் பின்னால் யாரும் வராத இடத்தில், நியூட்ரலில் நாலைந்து தடவை பிரேக்கை நன்றாக மிதித்து டிஸ்க்கைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

டயர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். 21 அங்குல ரிம்முக்கான அகலமான டயர் ஹட்டனில் கிடைக்காது என்று அளவு மாற்றிப் போடுகிறார்கள், முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று. இந்த எடைக்குரிய சுமைக் குறியீடு இல்லாத டயரை எந்த விலைக்கும் போடாதீர்கள். வேகக் கார்களோடு வரும் கோடை டயர் 7 பாகைக்குக் கீழே இறுகிவிடும், ஜனவரி விடியலில் நுவரெலியா அந்த அளவுக்குக் குளிரும்.

வீட்டு வயரிங்கைப் பற்றி எத்தனை முறைதான் சொல்வது! சிங்கிள் பேஸ் இணைப்பு 30 அம்பியர். 7.4 கிலோவாட் சார்ஜர் 32 அம்பியர் இழுக்கும். சார்ஜரை 16 அம்பியருக்குக் குறைத்து வையுங்கள், 8 மணித்தியாலத்தில் 29 கிலோவாட் மணி ஏறும், அது தாராளம். அதற்கு மேல் வேண்டுமென்றால் த்ரீ பேஸுக்கு விண்ணப்பியுங்கள். 13 அம்பியர் ப்ளக்கில் 90 கிலோவாட் மணி பெட்டரி நிறைய ஏறத்தாழ 40 மணித்தியாலம் ஆகும். அந்நேரம் முழுக்க எக்ஸ்டென்ஷன் கோட்டில் சூடேறிக் கிடக்கும் ப்ளக் உருகாமல் என்ன செய்யும்? சார்ஜருக்குத் தனி வயர், தனி பிரேக்கர், தனி ட்ரிப் சுவிட்ச் வேண்டும். சாதாரண 'ஏசி' (AC) வகை ட்ரிப் சுவிட்ச், காரிலிருந்து நேர்மின் (DC) கசிந்தால் வேலை செய்யாமல் போகலாம். 6 மில்லிஅம்பியர் நேர்மின் கசிவைக் கண்டறியும் சார்ஜரும் 'ஏ' (A) வகை ட்ரிப் சுவிட்சும் கேட்டு வாங்குங்கள். பழைய பங்களாக்களில் எர்த் கம்பி பாறைமேல் நிற்கும். எர்த்தை மீட்டர் வைத்து அளந்து பார்க்காத எலக்ட்ரிஷியனிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

தோட்டப் பாதையில் கல்லோ மதகோ பெட்டரியின் அடியில் மோதினால், வெளியே கீறல் மட்டும் தெரிந்தாலும் அன்றிரவு சார்ஜ் போடாதீர்கள். வீட்டிலிருந்தும் மற்ற வாகனங்களிலிருந்தும் 15 மீட்டர் தள்ளி வெட்டவெளியில் நிறுத்தி, அடித்தகட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்க யாரையும் விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும், இன்வெர்ட்டர் போய்விடும். நாலு சக்கரமும் தரையில் படாமல் தட்டு லொறியில் ஏற்றித்தான் கொண்டுபோகவேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த லொறி உங்களிடம் வந்துசேர நேரமாகும், காத்திருங்கள்.