தொண்டையில் பிடிப்பதா, நெஞ்சில் பிடிப்பதா?

குலசேகரம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்ட வீடுகளிலும் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள விளைகளிலும், அதாவது தோப்புகளிலும், பெரிய நாய் என்றால் பெரும்பாலும் காவலுக்குத்தான். ராஜபாளையம், ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், ராட்வீலர் என்று 30 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும் இனங்கள். பகல் முழுக்கச் சங்கிலியில் கிடந்துவிட்டுக் காலையிலோ சாயங்காலமோ கொஞ்ச நேரம் சானல்கரைக்கு, அதாவது வாய்க்கால் கரைக்கு, வரும். கேட்டைத் தாண்டியதும் நடக்காது, இழுக்கும். பிடித்திருப்பவர் பின்னாலேயே ஓடுவார். நாயின் தொண்டையிலிருந்து கர்கர்ரென்று ஒரு சத்தம் வரும். அதை நாயின் முரண்டு என்று நினைத்துக்கொள்கிறோம். மூச்சுக்குழாய் நசுங்கித்தான் அந்தச் சத்தம் வருகிறது.

கழுத்துப் பட்டை வாங்கவா, நெஞ்சைச் சுற்றி மாட்டும் வார்களான ஹார்னஸ் வாங்கவா என்று கேட்கிறவர்கள் எதில் நாய் அடங்கும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நாய் இழுக்கும்போது உண்டாகும் விசை அதன் உடம்பில் எந்த இடத்தில் போய் இறங்குகிறது? இழுக்காமல் நடப்பது நாய் பழகிக்கொள்ள வேண்டிய காரியம், அதை எந்தப் பட்டையும் தானாகக் கற்றுக்கொடுக்காது. பழகி முடிக்கும்வரை எந்த உறுப்பு அடி வாங்கும் என்பதுதான் நாம் எதை மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நாயின் கழுத்தில் ரோமத்துக்கும் தோலுக்கும் அடியில் நெருக்கமாகப் பல உறுப்புகள் இருக்கின்றன. முன்பக்கம் மூச்சுக்குழாய். அது குருத்தெலும்பு வளையங்களால் ஆனது, ஆனால் அவை முழு வளையங்கள் அல்ல. முதுகுப் பக்கம் திறந்திருக்கும், அந்த இடைவெளியைத் தசையும் சவ்வும் மூடியிருக்கும். முன்னாலிருந்து அழுத்தினால் வளையம் தட்டையாகும். குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழாயின் இரு பக்கமும் தைராய்டு சுரப்பி. பக்கவாட்டில், தோலுக்கு நேர் கீழேயே, தலையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் பெரிய சிரை. கால்நடை மருத்துவர்கள் பல நேரம் ரத்தம் எடுப்பது இதிலிருந்துதான். அதற்கும் உள்ளே மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி, கூடவே இதயத்துக்கும் குடலுக்கும் போகும் முக்கிய நரம்பு.

இப்போது ஒரு தோராயக் கணக்குப் போடலாம். 35 கிலோ எடையுள்ள நாய் காய்ந்த மண்ணில் கால் ஊன்றி இழுத்தால், உராய்வைப் பொறுத்து சுமார் 20 கிலோ அளவு விசை கிடைக்கும். நகம் மண்ணில் பதிந்தால் இன்னும் கூடும். பட்டையின் அகலம் 2.5 சென்டிமீட்டர், தொண்டையோடு அது ஒட்டி அழுத்தும் நீளம் 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் பரப்பு 37 சதுர சென்டிமீட்டர் சொச்சம். 20 கிலோவை இதால் வகுத்து, ரத்த அழுத்தம் அளக்கிற அதே அலகில் சொன்னால் ஏறக்குறைய 400 மில்லிமீட்டர் பாதரசம். ஆரோக்கியமான நாயின் தமனியில் உச்ச ரத்த அழுத்தமே 120, 130 அளவில்தான் இருக்கும். சிரையில் சில மில்லிமீட்டர்தான். ரோமமும் தசையும் இந்த அழுத்தத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும், சரி. அப்படியும் சிரை நசுங்குவதற்கு இதில் சின்னப் பங்கு போதும்.

சிரை முதலில் அடைபட்டால் என்ன ஆகும்? தமனி வழியாகத் தலைக்குள் ரத்தம் வந்துகொண்டே இருக்கும், திரும்பிப் போகும் வழி மட்டும் குறுகிவிடும். தலையில் அழுத்தம் ஏறும். அமெரிக்காவில் 26 நாய்களின் 51 கண்களை அளந்து 2006இல் வெளியான ஆய்வு இதைக் கண்ணிலேயே காட்டியது. கழுத்துப் பட்டையில் இழுத்தபோது கண்ணுக்குள் அழுத்தம் குறிப்பிடத்தக்க அளவு கூடியது. ஹார்னஸில் இழுத்தபோது அப்படிக் கூடவில்லை. ஏற்கனவே கண் அழுத்த நோய் உள்ள நாய்க்கும், கண் அறுவை முடிந்த நாய்க்கும் இது சின்ன விஷயமே அல்ல.

பட்டையை அகலமாக்கி மெத்தை வைத்தால் போதாதா? ஓரளவு உதவும். பரப்பு இரட்டித்தால் அழுத்தம் பாதியாகும், அவ்வளவுதான். பிரிட்டனில் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஒரு செயற்கைக் கழுத்தில் பலவகைப் பட்டைகளை மாட்டி இழுத்து அளந்தார்கள். தொடர்ந்து இழுக்கிற நாய்க்கு எந்தப் பட்டையும் ஆபத்தில்லாதது என்று சொல்லும் அளவுக்கு அழுத்தம் குறையவில்லை. இழுக்க இழுக்க இறுகிக்கொண்டே போகும் இரும்புச் சங்கிலியும் சுருக்குக் கயிறும் இதில் இன்னும் மோசம். பரப்பு குறைவு, இறுகுவதற்கு எல்லையும் கிடையாது. அதை நாயின் கழுத்தில் மாட்டவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நிதானமாக இழுப்பதைவிட வெட்டி இழுப்பது பல மடங்கு கொடியது. நீளமான கயிற்றில் நிற்கும் நாய் எதிரே பூனையைப் பார்த்துப் பாய்கிறது. கயிறு விறைக்கும் நேரத்தில் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகம் வந்துவிட்டது என்று வைப்போம். நாய்க்கு அது சாதாரண வேகம். அந்த 35 கிலோவை கால் மீட்டருக்குள் நிறுத்த வேண்டுமானால் சராசரியாகவே சுமார் 180 கிலோ விசை வேண்டும். நம் கை, தோள், கயிறு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்து ஒரு மீட்டரில் நிறுத்தினால் அது 45 கிலோவாகக் குறையும். அதனால்தான் கயிறு நீளமாக இருப்பது ஆபத்து. தளர்ந்து கிடக்கிற கயிற்றின் நீளம்தான் நாய்க்கு வேகம் எடுக்கும் தூரம். பொத்தானை அழுத்தினால் நீண்டு சுருங்கும் லீஷை, அதாவது நாய்க் கயிற்றை, வலுவான நாய்க்கும் கழுத்துப் பட்டைக்கும் சேர்த்துப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாய் உடம்புச் சூட்டை வெளியேற்றுவது முக்கியமாக மூச்சிரைப்பால்தான். நாக்கிலும் மூக்கின் உள்பரப்பிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு குறைகிறது. கடலோரக் காற்றில் ஏற்கனவே ஈரம் நிறைந்திருக்கும், ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும். குளச்சலிலோ முட்டத்திலோ மே மாதக் காலையில் எட்டு மணிக்கே நாய் எப்படி இரைக்கிறது என்று பாருங்கள். குறைந்த குளிர்ச்சியை ஈடுகட்ட அது நிறையக் காற்றை உள்ளே இழுத்து வெளியே விட வேண்டும். அந்த நேரத்தில் பட்டை மூச்சுக்குழாயைக் குறுக்கினால் காற்றும் போதாது, சூடும் இறங்காது. பக் மாதிரி மூக்குச் சப்பையான இனங்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. வயதான லாப்ரடாருக்கும் அப்படித்தான், அந்த இனத்தில் முதுமையில் குரல்வளைத் தசை செயலிழப்பது அடிக்கடி காணப்படும் நோய். பொமரேனியன் வலுவான நாயே அல்ல, ஆனாலும் அதன் மூச்சுக்குழாய் வளையங்கள் தளர்ந்து மடியும் இயல்புடையவை. அதற்கும் கழுத்துப் பட்டையில் இழுப்பு ஆகாது.

சரி, நெஞ்சு ஏன் தாங்குகிறது? நாயின் முன்னங்கால்கள் எலும்பு மூட்டால் உடம்போடு இணைந்தவை அல்ல. நமக்கு இருப்பதுபோன்ற காறை எலும்பு அதற்குக் கிட்டத்தட்ட இல்லை. தோள்பட்டை முழுவதும் தடித்த தசைகளால் நெஞ்சுக் கூட்டைத் தொங்கலாகப் பிடித்திருக்கிறது. நடுவில் மார்பெலும்பு, இரு பக்கமும் விலா எலும்புகள். நல்ல ஹார்னஸ் இழுவிசையை மார்பெலும்பின் மேலும் விலாவின் மேலும் பரப்பிவிடும். அங்கே நசுங்குவதற்குக் குழாயும் இல்லை, மேலோட்டமான பெரிய சிரையும் இல்லை. உழவு மாட்டுக்கு நுகத்தடியைத் திமிலுக்கு முன்னால் வைத்தார்களே தவிர, இழுக்கும் பாரத்தைத் தொண்டையில் ஏற்றவில்லை. அதே அறிவுதான் இதுவும்.

ஆனால் இதே காரணத்தால் ஹார்னஸில் ஒரு பொறி இருக்கிறது. கயிறு மாட்டும் வளையம் முதுகின் மேல் இருந்தால் நாய்க்கு இழுப்பது சுகமாகிவிடும். பனிப் பிரதேசங்களில் சறுக்குவண்டி இழுக்கும் நாய்களுக்கு அப்படித்தான், இழுவை பின்னாலிருந்து வரும்படி மாட்டுகிறார்கள். ஹார்னஸ் போட்ட பிறகு நாய் இன்னும் அதிகமாக இழுக்கிறது என்று பலர் குறைப்படுவது பொய்யல்ல.

தீர்வு வளையத்தை நெஞ்சின் முன்பக்கம் வைப்பதில் இருக்கிறது. நாயின் எடை மையம் முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால் அமைகிறது. முதுகு வளையம் கிட்டத்தட்ட அதற்கு நேர் மேலேயே வந்துவிடுவதால் அங்கே பிடித்து இழுத்தால் நாய் திரும்பாது, இன்னும் சாய்ந்து முன்னே தள்ளும். நெஞ்சு வளையம் எடை மையத்துக்கு முன்னால் இருக்கிறது. நாம் பக்கவாட்டில் நின்று பிடித்தால் அந்தத் தூரம் நெம்புகோலாக வேலை செய்து நாயின் முன்பாதியை நம் பக்கம் திருப்புகிறது. நாய் எவ்வளவு பலமாகத் தள்ளுகிறதோ அவ்வளவு திரும்பும். நேராகப் போக வேண்டுமானால் கயிற்றைத் தளர விட்டே ஆக வேண்டும்.

கழுத்துப் பட்டையில் கட்டுப்பாடு அதிகம் என்று ஆட்கள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கழுத்து எடை மையத்திலிருந்து இன்னும் தள்ளி இருப்பதால் திருப்புவது அங்கே எளிது. அதற்கு நாய் கொடுக்கும் விலை மேலே சொன்னது. நெஞ்சு வளையம் அந்தத் திருப்பும் பலனில் பெரும்பங்கைத் தந்துவிடுகிறது, தொண்டையைத் தொடாமல்.

பிடிக்கிறவருக்கும் இயற்பியல் உண்டு. மழைக்காலத்தில் பாசி பிடித்த சிமென்ட் சரிவிலும் ரப்பர் இலை அழுகிக் கிடக்கும் செம்மண் பாதையிலும் நம் செருப்புக்குப் பிடிமானம் குறைந்துவிடும். நாயின் நகத்துக்கு அவ்வளவு குறையாது. 60 கிலோ மனிதரை 35 கிலோ நாய் இழுத்துப் போவது அப்படித்தான். கையை நீட்டிப் பிடித்தால் உயரமான இடத்தில் இழுவை விழுந்து நம்மை முன்னால் கவிழ்க்கும். முழங்கையை உடம்போடு ஒட்டி, ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நின்றால் கவிழ்வது கடினம். கயிறு குட்டையாக, ஒன்றரை மீட்டருக்குள் இருந்தால் இன்னொரு ஆதாயம். அது கீழ்நோக்கிச் சரிவாக இறங்குவதால் நாயை லேசாகத் தூக்கி அதன் பிடிமானத்தைக் குறைக்கும், நம்மைத் தரையோடு அழுத்தும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளக் கூடாது. ஒரு வெட்டு இழுப்பில் மணிக்கட்டு முறியலாம்.

சிப்பிப்பாறை, கன்னி நாய் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இவற்றின் தலை ஒடுங்கியது, கழுத்து அதைவிடத் தடித்தது. சாதாரணப் பட்டை எவ்வளவு சரியாகப் போட்டாலும் பின்னால் நகர்ந்து தலையைக் குனிந்தால் கழன்றுவிடும். நெடுஞ்சாலையோரம் அது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. இழுத்தால் ஓரளவு மட்டும் சுருங்கி அதற்குமேல் இறுகாத மார்ட்டிங்கேல் என்ற பட்டை இந்த உடலமைப்புக்காகவே உள்ளது. நெஞ்சு ஆழமாகவும் இடுப்பு ஒடுங்கியும் இருப்பதால் ஹார்னஸிலிருந்துகூடப் பின்வாங்கி நழுவிவிடும். விலாவுக்குப் பின்னால் இடுப்புப் பக்கம் இரண்டாவது வார் உள்ள ஹார்னஸ்தான் இவற்றுக்குப் பொருத்தம். இரு முனையிலும் கொக்கியுள்ள கயிறு கிடைத்தால் ஒன்றை ஹார்னஸிலும் மற்றதைப் பட்டையிலும் மாட்டலாம், இழுவை ஹார்னஸில் விழும்படி.

வாங்கும்போது ஹார்னஸின் முன்வார் எங்கே உட்காருகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். மார்பெலும்பின் மேல் உட்கார வேண்டும். தொண்டைக்குழிக்கு ஏறினால் கழுத்துப் பட்டையை மறுபடி வாங்கியதாகிவிடும். தோள்களின் குறுக்கே கிடையாக ஓடும் வார் கால் முன்னே நீள்வதைத் தடுக்கும் என்பதால் முன்பக்கம் ஆங்கில ஒய் (Y) எழுத்துப் போல அமைந்த வடிவத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். நானும் அதையே சொல்வேன். ஆனால் 2019இல் வெளியான ஒரு ஆய்வு ஒய் வடிவமும் தோள் நீட்சியைக் கொஞ்சம் குறைப்பதாகக் கண்டது. ஆகவே எந்த ஹார்னஸையும் நாள் முழுக்கப் போட்டு வைக்க வேண்டாம். நடை முடிந்ததும் கழற்றுங்கள். நமக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. ஈர நைலானுக்கு அடியில் தோல் வெந்து புண்ணாகும், உண்ணி ஒளிந்துகொள்ளும். முன்னங்கால் அக்குளில் வார் உரசாமல் இரண்டு மூன்று விரல் இடம் விடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் கொக்கியின் ஸ்பிரிங்கை அடிக்கடி பாருங்கள். உப்புக் காற்றில் வெளியே பளபளப்பு இருக்கும்போதே உள்ளே துரு ஏறியிருக்கும்.

இவ்வளவும் சேதத்தைக் குறைக்கிற வேலை. இழுப்பு நிற்க வேண்டுமென்றால் இழுப்பதால் நாய்க்குக் கிடைக்கும் லாபம் நிற்க வேண்டும். கயிறு விறைத்ததும் நாம் நின்றுவிட வேண்டும், தளர்ந்ததும் நடக்க வேண்டும். நாயின் இயல்பான ஓட்டநடை நம் நடையைவிட வேகமானது, நம்மோடு மெதுவாக நடப்பது அதற்குப் பெரிய வேலை. ஆகவே தளர்ந்து நடக்கும்போதெல்லாம் ஒரு சின்னத் துண்டு கருவாடோ வேகவைத்த கோழியோ கொடுங்கள், கருவாடு என்றால் உப்பு போகக் கழுவி. வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி செய்ய வேண்டும். அப்பா நின்று, மகன் கூடவே ஓடினால் நாய் எப்போதாவது ஒருமுறை பலிக்கும் என்று கற்றுக்கொள்ளும். எப்போதாவது பலிக்கும் பழக்கம் எப்போதும் பலிக்கும் பழக்கத்தைவிட அழிவது கடினம்.

அப்புறம் அந்தப் பகல் முழுக்கச் சங்கிலி. நாள் முழுதும் கட்டிப் போட்ட நாய் கேட்டைத் தாண்டியதும் பாயாமல் என்ன செய்யும்? 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு உடற்பயிற்சி தராமல் விடுவதைக் குற்றமாகவே சொல்கிறது. மதில் உள்ள விளையாக இருந்தால் விடியற்காலை கேட்டைச் சாத்திவிட்டு அரை மணி நேரம் அவிழ்த்து விடுங்கள். ஓடி முடித்த பிறகு ஹார்னஸை மாட்டுங்கள். அந்த நடையில் கயிறு தளர்ந்திருக்கும் நேரம் தானாகவே கூடும், பரிசு கொடுக்க நமக்கும் அதிக வாய்ப்புக் கிடைக்கும்.