மதிப்பெண் ஏன் ஆடுகிறது?

தொண்டிக்குத் தெற்கே உள்ள ஒரு கடலோர ஊரிலிருந்து வாசகி ஒருவர் தமது குறிப்பேட்டின் ஒரு பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். இயந்திரப் பொறியியல் முடித்தவர். முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வைச் சென்ற பிப்ரவரியில் எழுதி, விரும்பிய இடம் கிடைக்காமல், வரும் பிப்ரவரியில் மறுபடியும் எழுத இருக்கிறார். அந்தப் பக்கத்தில் தேதி, மாதிரித் தேர்வில் வாங்கிய மதிப்பெண், காரணம் என்று மூன்று பத்திகளைக் கோடு போட்டுப் பிரித்திருந்தார். மதிப்பெண்கள் வரிசையாக 52, 41, 58, 44, 49. 41க்கு நேரே ‘தூக்கம் இல்லை’ என்றும், 58க்கு நேரே ‘தேவிபட்டினம் போய் வந்தது’ என்றும் எழுதியிருந்தார். 44க்கு நேரே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருந்தது. “படிக்கிற நேரம் மாறவில்லை. மார்க் மட்டும் ஏன் இப்படி ஆடுகிறது? ஆடுவதைப் பார்த்தால் பயம் வருகிறது, பயந்தால் இன்னும் குறைகிறது” என்று கேட்டிருந்தார்.

பயத்தைப் பற்றிப் பேச ஆள் உண்டு. ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேட் தேர்வு 3 மணி நேரம் நடக்கும். 65 கேள்விகள், 100 மதிப்பெண். அவற்றில் 30 கேள்விகளுக்குத் தலா 1 மதிப்பெண், 35 கேள்விகளுக்குத் தலா 2. பாடத்திட்டத்திலிருந்து ஆயிரக்கணக்கான கேள்விகளை உருவாக்க முடியும். ஒரு வினாத்தாள் அவற்றுள் 65ஐ மட்டுமே எடுத்து வைக்கிறது. நம் வாசகிக்கு அந்தப் பெருந்தொகுப்பில் சரிபாதி தெரியும் என்று வைத்துக்கொள்வோம். அதற்காக ஒவ்வொரு தாளிலும் சரிபாதி தெரிந்த கேள்விகளே வந்து விழும் என்று சொல்ல முடியாது. இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் என்ற ஊரில் ஒரு நாள் மீன்பாடு நன்றாக இருந்ததை வைத்துக் கடலில் மீன் பெருகிவிட்டது என்று எந்த மீனவரும் முடிவு கட்டுவதில்லை. வலையும் இடமும் மாறாமலே மறுநாள் பாடு பாதியாகக் குறையும் என்பது அவருக்குத் தெரியும். இதே மண்டபத்தில்தான் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1949 முதல் 1971 வரை தலைமையிடம் கொண்டிருந்தது. நாடு முழுவதும் கரை சேரும் மீனை எடை போட ஆள் போதாது என்பதால், சில இறங்குதளங்களையும் சில நாள்களையும் குலுக்கல் முறையில் தேர்ந்து, அங்கே எண்ணியதை வைத்து மொத்தத்தை மதிப்பிடும் முறையை அந்நிறுவனம் வளர்த்தெடுத்து இன்றும் கையாள்கிறது. அந்த முறையின் பெருமை, மதிப்பீடு எவ்வளவு பிசகக்கூடும் என்பதையும் அதே தரவிலிருந்து கணக்கிட்டுச் சொல்லிவிடலாம் என்பதுதான்.

அந்தப் பிசகை வினாத்தாளுக்கும் கணக்கிடுவோம். தெரிந்ததை எழுதி, தெரியாததை விட்டுவிடுபவருக்கு ஒவ்வொரு கேள்வியும் ஒரு நாணயச் சுண்டல்: பாதி வாய்ப்பில் முழு மதிப்பெண், பாதி வாய்ப்பில் சுழி. சராசரியிலிருந்து விலகும் தூரத்தின் வர்க்கத்தைச் சராசரி எடுத்தால் கிடைப்பது மாறுபாடு. 1 மதிப்பெண் கேள்வியின் மாறுபாடு 0.25, 2 மதிப்பெண் கேள்விக்கு அது நான்கு மடங்காகி 1 ஆகிறது. முன்னவை 30 சேர்ந்து 7.5ஐயும், பின்னவை 35 சேர்ந்து 35ஐயும் தருகின்றன. மொத்தம் 42.5, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6.5. இதுவே அவரது மதிப்பெண்ணின் திட்ட விலக்கம், அதாவது மதிப்பெண் சராசரியிலிருந்து வழக்கமாக விலகி நிற்கும் தூரம். அறிவில் ஒரு துளி கூடாமலும் குறையாமலும் இருக்கும் ஒருவர், மூன்றில் இரண்டு தாள்களில் 43க்கும் 57க்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் நிற்பார். இருபதில் ஒரு தாளில் 37க்குக் கீழேயோ 63க்கு மேலேயோ போய்விடுவார். அடுத்தடுத்த இரண்டு தாள்களுக்கு இடையிலான வித்தியாசத்தின் திட்ட விலக்கம் இன்னும் பெரிது. அது 9ஐத் தாண்டுகிறது. பள்ளியில் படித்த நிகழ்தகவு இவ்வளவு தூரம் வரும் என்பதை ஒவ்வொரு முறையும் வியந்துதான் பார்க்கிறேன்.

குறிப்பேட்டில் இருந்த ஐந்து மதிப்பெண்களின் சராசரி 48.8, திட்ட விலக்கம் 6.7. சுண்டிவிட்ட நாணயங்களே தரக்கூடிய 6.5உடன் இது ஏறக்குறைய ஒத்துப்போகிறது. அதாவது மூன்றாம் பத்தியில் எழுதிய காரணங்களில் ஒன்றுகூட இல்லாமலே இந்த ஏற்ற இறக்கம் முழுவதையும் விளக்கிவிடலாம். தூக்கம் கெட்டால் மதிப்பெண் குறையாது என்று இதற்குப் பொருள் இல்லை. குறைந்ததா இல்லையா என்பதை ஒற்றைத் தாளைக் கொண்டு கண்டறிய முடியாது என்பதே பொருள். நான்கு தாள்களின் சராசரியை எடுத்தால் பிசகு பாதியாகும். அதையும் பாதியாக்கப் பதினாறு தாள்கள் வேண்டும். ஆகவே நான்கு நான்காகச் சராசரி பார்ப்பது நல்லது. அதற்கு இடைப்பட்ட எண்களுக்குக் காரணம் தேடுவது வீண் வேலை.

இந்த ஆட்டத்தை நாமே பெரிதாக்கிக்கொள்ளும் வழி ஒன்று உண்டு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி தவறானால், அதன் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படும். 2 மதிப்பெண் கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், நான்கில் ஒரு முறை 2 கிடைக்கும், மற்ற மூன்று முறையும் சேர்த்து 2 பறிபோகும். வரவும் செலவும் சமம். ஆனால் இப்படிப் பத்துக் கேள்விகளைத் தொட்டவருக்கு அவற்றில் 4 சரியானால் 4 மதிப்பெண் கூடும், 1 மட்டும் சரியானால் 4 குறையும். சராசரி அசையாமல் சிதறல் மட்டும் பெருகுகிறது. பதற்றமான நாளில் துணிந்து தொடுவதும், நிதானமான நாளில் விட்டுவிடுவதுமாக இருப்பவரின் பட்டியல் தாறுமாறாகத்தான் இருக்கும். ஒரு விடையையாவது உறுதியாகத் தள்ள முடிந்தால் கணக்கு நம் பக்கம் சாய்கிறது: மூன்றில் ஒரு முறை 2 வரவு, இரு முறை சேர்ந்து 1.33 செலவு. எனவே ஒன்றைத் தள்ள முடிந்தால் தொடுவது, முடியாவிட்டால் விடுவது என்று முன்கூட்டியே விதி வகுத்துக்கொண்டு எல்லாத் தாள்களிலும் அதையே பின்பற்ற வேண்டும். எண்ணாக விடை தரும் கேள்விகளிலும், ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் கொண்ட கேள்விகளிலும் கழிவு கிடையாது என்பதால் அங்கே இந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

இனி தேவிபட்டினம். 41 வாங்கிய பின் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றி வந்தார், அடுத்த தாளில் 58. சராசரி 49 உள்ள ஒருவர் 41 வாங்கிய பிறகு என்ன செய்தாலும், ஒன்றுமே செய்யாவிட்டாலும், அடுத்த மதிப்பெண் 41ஐவிடக் கூடுவதற்கே வாய்ப்பு அதிகம். 58க்குப் பிறகு குறைவதற்கே வாய்ப்பு அதிகம். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாக இருந்தாலும் சராசரியை நோக்கிச் சற்று இறங்கியே இருப்பதைப் பிரான்சிஸ் கால்டன் 1886இல் எழுதிய கட்டுரையில் காட்டினார். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேலிய விமானப் பயிற்சியாளர்களிடம் இதையே கண்டார்: பாராட்டிய மாணவர் அடுத்த முறை சொதப்புகிறார், திட்டிய மாணவர் தேறுகிறார், எனவே திட்டுவதே பலன் தரும் என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். கடலில் இறங்கிக் கும்பிட்டு மனம் ஆறினால் எனக்கு மறுப்பு இல்லை. மதிப்பெண் தாழ்ந்திருக்கும் நேரம் பார்த்து வந்து, பரிகாரம் என்றும் ஞாபகசக்தி லேகியம் என்றும் பதினைந்து நாள் அதிரடிப் பயிற்சி என்றும் பணம் கேட்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். ஏனெனில் அந்த நேரத்தில் எதை விற்றாலும் அடுத்த மதிப்பெண் கூடி, விற்றவருக்கே புகழ் சேரும். அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வை நடத்துவோர் தங்கள் மதிப்பெண்ணின் அளவீட்டுப் பிழையைக் கணக்கிட்டு வெளியிடுகிறார்கள். இலட்சக்கணக்கானோர் எழுதும் நம் தேர்வுகளின் மதிப்பெண் அட்டையிலும் அந்த ஒற்றை எண்ணை அச்சிட்டால் எத்தனை வீடுகளில் நிம்மதி பிறக்கும்! அதற்கான ஆய்வுக்குச் செலவும் அதிகம் ஆகாது.

பதற்றத்துக்கு வருவோம். லீபர்ட், மாரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1967இல் தேர்வுப் பதற்றத்தை மனக்கவலை, உடற்கிளர்ச்சி என்று இரண்டாகப் பிரித்தார்கள். மதிப்பெண்ணை அதிகம் பாதிப்பது முதலாவது. கணக்கைப் போட்டுக்கொண்டே ‘இந்த முறையும் போச்சு’ என்று எண்ணும்போது, இடைவிடைகளைத் தாங்கி நிற்கும் செயல்நினைவின் சிறிய இடத்தைக் கவலை பங்கு போட்டுக்கொள்கிறது. நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் அவ்வளவு கெடுதல் செய்வதில்லை. ஜேமிசனும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் ஜி.ஆர்.இ. எழுத இருந்த மாணவர்களில் ஒரு பகுதியினரிடம், படபடப்பு தேர்வுக்கு உதவவும் கூடும் என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் கணிதப் பகுதியில் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள், பின்னர் எழுதிய உண்மையான தேர்விலும். சிறிய ஆய்வுதான், ஆனால் செலவில்லாத மருந்து.

தேர்வறையில் மறந்துபோன சூத்திரம் வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது ஏன் நினைவுக்கு வருகிறது? அதிர்ச்சிக்குச் சில விநாடிகளில் அட்ரினலின் சுரக்கிறது. இன்னொரு பதற்ற ஹார்மோனான கார்ட்டிசால் நிதானமாக ஏறி, இருபது முப்பது நிமிடங்களில் உச்சத்தைத் தொடுகிறது. டி கெர்வேன், ரூசெண்டால், மெக்காவ் ஆகியோர் 1998இல், நீருக்குள் மறைந்திருக்கும் மேடையைத் தேடி நீந்தப் பழகிய எலிகளுக்கு லேசான மின்னதிர்ச்சி கொடுத்துச் சோதித்தார்கள். அதிர்ச்சிக்கு 2 நிமிடங்கள் கழித்து நீந்தவிட்டால் எலி மேடையைக் கண்டுபிடித்தது. 4 மணி நேரம் கழித்தும் கண்டுபிடித்தது. 30 நிமிடங்கள் கழித்து விட்டபோது மட்டும் தடுமாறியது. கார்ட்டிசாலுக்கு இணையான எலியின் ஹார்மோன் சுரப்பதை மருந்தால் தடுத்தபோது அந்தத் தடுமாற்றமும் இல்லை. நினைவு அழியவில்லை, அதை எடுக்கும் வழிதான் சற்று நேரம் அடைபட்டிருந்தது. தேர்வுக்கு அரை மணி முன்னால் நுழைவுச்சீட்டைத் தேடி ஓடுவது எலிகளின் அந்த முப்பதாவது நிமிடத்தையே நமக்கு நாமே வரவழைத்துக்கொள்வதாகும். மையம் வெளியூரில் விழுந்தால் முந்தைய நாளே போய்த் தங்குவது இதனால்தான் நல்லது. வாரக்கணக்கில் தூக்கமின்மையோ மூச்சடைப்போ நீடித்தால் அது தேர்வுத் தந்திரங்களால் தீரும் விஷயம் அல்ல. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் டெலி மனஸ் மனநலத் தொலைபேசி சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம்.

இந்த அடைப்பை முன்கூட்டியே எதிர்க்கும் வழியும் ஆய்வில் கிடைத்திருக்கிறது. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழு சொற்களும் படங்களும் கொண்ட பட்டியலைத் திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு பட்டியலை மூடிவைத்து நினைவிலிருந்து எடுத்துப் பழகியது. மறுநாள் பிறர் முன் பேசவும் கணக்குப் போடவும் வைத்து இரு குழுவினரையும் பதற வைத்தபோது, படித்த குழுவின் நினைவு சரிந்தது. எடுத்துப் பழகிய குழுவுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகவில்லை. ஆகவே கடைசி மாதத்தில் வெப்ப இயக்கவியல் குறிப்புகளை ஐந்தாவது முறையாக வாசிப்பதைவிட, நூலை மூடிவிட்டு வெற்றுத் தாளில் நீராவி மின்நிலையங்கள் இயங்கும் ராங்கைன் சுழற்சியை வரைந்து, ஒவ்வொரு மூலையிலும் அழுத்தமும் வெப்பநிலையும் எப்படி மாறுகின்றன என்று எழுதி, பிறகு நூலைத் திறந்து விட்டுப்போனதைச் சரிபார்த்து, இரண்டு மூன்று நாள் கழித்து அதையே மறுபடியும் வெற்றுத் தாளிலிருந்து தொடங்குவது அதிகப் பலன் தரும்.