எலிக்கு முதலில் சாறு, அப்புறம்தான் விஷம்

பையனுக்கு 24 வயது. மஞ்சள் காமாலை வந்து 16 நாளாகிறது. அத்தனை நாளும் வீட்டில் கீழாநெல்லிச் சாறும் மோரும் பத்தியமும்தான். எங்களிடம் தூக்கி வந்தபோது பேச்சு குழறியது, ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 4-ஐத் தாண்டியிருந்தது. "கல்லீரலைக் காக்கும்னு நிரூபிச்சிருக்காங்களே டாக்டர்" என்று அவன் அம்மா செல்போனில் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் காட்டினார். இந்த மாதம் இப்படிக் கட்டுரையோடு வந்த மூன்றாவது குடும்பம் இது.

கட்டுரை பொய்யில்லை. அதில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எலிகளுக்கு ஒரு வாரம் தினமும் சாறு கொடுக்கிறார்கள். அதற்கப்புறம்தான் கல்லீரலைக் கெடுக்கும் கார்பன் டெட்ரா குளோரைடு என்ற ரசாயனத்தைக் கொடுக்கிறார்கள். கல்லீரல் செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும் நொதி எஸ்.ஜி.பி.டி. மறுநாள் அது குறைவாக ஏறியிருந்தால் 'பாதுகாப்பு' என்று எழுதுகிறார்கள். எலிக்குச் சாறு முந்தியது. உங்கள் பிள்ளைக்குக் கிருமி முந்திவிட்டது.

இன்னொன்றும் உண்டு. இந்த ரசாயனத்தைக் கல்லீரலின் ஒரு நொதி உடைத்த பிறகுதான் அது நஞ்சாகிறது. சாறு அந்த நொதியை அடக்கினாலே போதும், எலி தப்பிவிடும். காமாலை வைரஸுக்கு அந்த நொதியே தேவையில்லை. ஆய்வேடு மதிப்பிடப் போகும்போதெல்லாம், "விஷத்துக்குப் பிறகு சாறு கொடுத்த எலிகள் எங்கே?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் அப்படி ஒரு குழுவே இருப்பதில்லை.

மனிதர்களிடமும் சோதித்திருக்கிறார்கள். 1988-இல் சென்னையில் தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்த வைரஸின் புரதம் மறைந்தது. வெற்று மருந்து எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஹெபடைடிஸ் ஏ, ஈ காமாலை பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கும். பெயர் மட்டும் சாறுக்குப் போகிறது.

எஸ்.ஜி.பி.டி. இறங்கியதும் நிம்மதியாகிவிடாதீர்கள். காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபின் ஏறிக்கொண்டே போக, அது மட்டும் இறங்கினால், அழிய இனி செல்லே மிச்சமில்லை என்று பொருளாகலாம். ஐ.என்.ஆர். பாருங்கள். பகலில் தூங்கி இரவில் விழிப்பது, குழப்பம், ஓயாத வாந்தி, ரத்தக் கசிவு, இதில் எது தெரிந்தாலும் அன்றே பெரிய மருத்துவமனைக்கு வாருங்கள். கர்ப்பிணிக்குக் காமாலை என்றால் எதற்கும் காத்திருக்க வேண்டாம். யாராவது பாரசிட்டமால் மாத்திரைகளை அள்ளி விழுங்கியிருந்தால் சாறு பிழிந்துகொண்டு உட்காராதீர்கள். அதற்கு முறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் 8 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும்.

சாறோ பொடியோ கொடுத்திருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள், பொட்டலத்தையும் கையோடு எடுத்து வாருங்கள். திட்ட மாட்டேன்.